காயிலுக்கு அடியில் இருந்த பச்சை

சிவகாசியில் அச்சகம் நடத்துகிறவனுக்குப் பழைய கார் மேல் ஆசை வரக் கூடாது. வந்தாலும், அதன் எஞ்சின் முதன்முதலில் என்ன நிறத்தில் இருந்தது என்று யோசிக்கவே கூடாது. எனக்கு இரண்டும் வந்து தொலைத்தன.

அச்சங்குளத்துப் பக்கம் ஒருவர் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த கார் அது. அறுபதுகளில் வந்த வண்டி. வாங்கி வந்து, எஞ்சினை இறக்கி, அச்சகத்துக்குப் பின்னால் பேப்பர் குடோன் ஓரமாக ஒரு இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி வைத்தேன். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று அந்த எஞ்சின் எப்படி இருந்ததோ அப்படியே அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். நான் அச்சடிப்பது பட்டாசு லேபிளும் காலண்டரும். ரோஜாவை ரோஜா நிறத்தில் அடித்துக் கொடுத்தால், "இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு வரட்டுமே" என்பார்கள். சாமி படமானாலும் குழந்தை படமானாலும் அதே பேச்சுதான். ஆயுசு முழுக்க அடுத்தவர் கேட்ட பளிச்சைக் கொடுத்துக் கொடுத்து எனக்கு அலுத்துவிட்டது. ஒரே ஒரு பொருளாவது அதன் சொந்த நிறத்தில் என் கண்முன் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அந்தக் காலத்து எஞ்சினில் பளபளப்பே கிடையாது. கார்புரேட்டர் பூச்சில்லாத வெறும் சாம்பல் உலோகம். புகை போகும் மேனிபோல்டு வெறும் வார்ப்பிரும்பு. போல்ட்டுகளுக்கு மஞ்சள் ஓடிய மங்கலான முலாம். இதையெல்லாம் ஆமத்தூர் மெக்கானிக்கிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"அண்ணாச்சி, அம்புட்டையும் குரோம் போட்டுருவோம். பானெட்டத் தொறந்தா மொகம் தெரியணும்" என்றார்.

"மொகம் பாக்க வீட்டுல கண்ணாடி இருக்குய்யா."

சரி சரி என்று தலையாட்டினார். கார்புரேட்டர் திரும்பி வந்தபோது எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது. சும்மா கழுவிக் கொடுக்க மனசு வரவில்லையாம், பஃப் போட்டுத் தேய்த்திருக்கிறார். அதைப் பழைய மங்கலுக்குக் கொண்டுவருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எஞ்சினின் உடம்பு நிறம்தான் பெரிய தலைவலி. யார் யாரோ மேலுக்கு மேல் அடித்திருந்தார்கள். சிவப்பு, அதன் மேல் நீலம், அதற்கும் மேல் எண்ணெய்ப் பிசுக்கு. எங்கே சுரண்டினாலும் அடியில் துருதான். ஒரு நாள் இக்னிஷன் காயிலைக் கழற்றினேன். அதைப் பிடித்திருந்த கிளாம்புக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை. வெயிலும் சூடும் படாமல், பூசிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. கொஞ்சம் சாம்பல் கலந்த, யாரும் ஆசைப்பட்டுக் கேட்காத பச்சை. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து நிறம் கலப்பது என் தொழில்தான். ஆனால் காலண்டர் சீசன். இரவும் பகலும் மிஷின் ஓடியது. பச்சை எங்கேயும் ஓடிவிடாது என்று விட்டுவிட்டேன். போல்ட்டுகளுக்கு முலாம் போட மட்டும் கோயம்புத்தூர் போனேன். திரும்பி வந்தது ஆயுத பூஜை அன்று சாயங்காலம்.

வாசலில் வாழைக்கன்று கட்டி, மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தார்கள். என்னைவிட மூத்தவரான மிஷின்மேன் புதுச் சட்டையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டீகளா மொதலாளி. இங்கன வாங்க, ஒண்ணு காட்டணும்."

எஞ்சின் வெள்ளி நிறத்தில் நின்றது. தலை முதல் கால் வரை சில்வர் பெயின்ட். சந்தனம், குங்குமம், கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சாமந்தி மாலை. சுற்றிலும் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனாலும் எனக்கு ஒரு நம்பிக்கை. மேலே அடித்த சில்வரைப் பக்குவமாக எடுத்தால் அடியில் பச்சை இருக்கும்.

"மேலாப்புலதான அடிச்சீக?" என்று கேட்டேன்.

அவருக்கு ரோசம் வந்துவிட்டது. "அப்படிச் செய்வோமா? கம்பி பிரஷ்ஷு போட்டு மூலை முடுக்கெல்லாம் சுரண்டி, இரும்பு தெரியிற மட்டும் தேச்சுட்டுத்தான் அடிச்சோம். அழுக்கு மேல பூசக் கூடாதுன்னு வருசா வருசம் நீங்கதான சொல்லுவீக."

சொல்வேன்தான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தொண்டை வலிக்கச் சொல்வேன். எந்த வருஷமும் ஒருத்தரும் கேட்டதில்லை.

சோம்பேறித்தனமாக மேலே பூசிவிட்டுப் போயிருந்தால் நான் பிழைத்திருப்பேன். நல்ல நாளும் அதுவுமாக யாரைத் திட்ட முடியும்? கையில் பொரி கடலையைக் கொடுத்தார்கள், வாயில் போட்டுக்கொண்டேன். "நல்லாத்தான இருக்கு. முந்தி பாக்கச் சகிக்கல" என்றாள் என் மனைவி. எனக்கு அழுகை வந்தது, அதை மென்று முழுங்கினேன்.

கிளாம்புக்கு அடியில் இருந்த பச்சையை முன்பே போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். படத்தில் இருக்கும் நிறத்தை நம்புகிறவன் அச்சுத் தொழிலில் இருக்க முடியாது. என் போனில் அந்தப் பச்சை நீலம் அடித்தது, மனைவியின் போனில் மஞ்சள் அடித்தது. கடைசியில் ஞாபகத்தை வைத்துத்தான் கலந்தேன். கலக்கக் கலக்க வேறொரு தொல்லை. நேற்று கலந்த பச்சைதான் இன்று ஞாபகத்துக்கு வந்தது. கிளாம்புக்கு அடியில் பார்த்தது கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப் போய்விட்டது. ஏதோ ஒன்றில் நிறுத்தி, அடித்து முடித்தேன்.

போன மாதம் மதுரையில் பழைய கார்களையெல்லாம் நிறுத்திக் காட்டினார்கள். நானும் கொண்டு போனேன். இதே மாதிரி வண்டி வைத்திருக்கும் ஒருவர் குனிந்து எஞ்சினைப் பார்த்துவிட்டு நிமிரவே இல்லை.

"இதுதாங்க அசல் பச்சை. இத்தனை வருஷமா நான் தேடுன பச்சை" என்றார்.

"இது அசல் இல்லைங்க. சும்மா ஞாபகத்துல கலந்தது. அசல் அழிஞ்சு போச்சு" என்றேன்.

"பெரிய மனுஷங்க இப்படித்தான் பேசுவீங்க" என்று சிரித்தார். நிறத்தை அளக்கும் கையடக்கக் கருவி ஒன்றை எடுத்து என் எஞ்சின் மேல் வைத்து அழுத்தினார். அது காட்டிய நிற அளவை அப்படியே தன் நண்பர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்.

இனிமேல் அவர்கள் வண்டிகளிலும் அதுதான் அசல். தப்பு என்று சொல்ல ஒரு ஆள் இருந்தேன், நானும் அந்தப் பச்சையை மறந்துவிட்டேன்.