எதையும் காதில் வாங்காத புரோகிராம்

காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு நான் எழுதிக் கொடுத்த புரோகிராம் அது. மெஷின் தரும் முடிவுகளை வாங்கி மெமரியில் வைத்துக்கொள்ளும். ஐம்பது சேர்ந்ததும் டிஸ்கில் எழுதும். ஒவ்வொன்றாக எழுத வைத்திருக்கலாம். சோம்பல், வேறென்ன.

முன் மேசையில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். கண்டனூரில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் அவளுடையது. யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது திறந்தால் உண்டு. மற்ற நாளில் உள்ளே போய்க் கூட்டிவிட்டு, அத்தனை கதவையும் ஒன்று விடாமல் சாத்திவிட்டு வருவது சின்ன வயதிலிருந்தே அவள் வேலை. அந்தப் பழக்கம் கம்ப்யூட்டரிலும் வந்துவிட்டது. டீ குடிக்க எழுந்தால்கூடத் திறந்திருக்கும் விண்டோ எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் எழுவாள். என் புரோகிராம் ஓடும் கறுப்பு விண்டோவும் அதோடு போகும். விண்டோ போனால் சிஸ்டம் ஒரு சிக்னல் அனுப்பும். புரோகிராம் அங்கேயே செத்துப்போகும். மெமரியில் இருந்ததை நான் போய் மெஷினிலிருந்து மறுபடி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

"அண்ணே, மறுபடி நின்னுபோச்சு. வாரீகளா?" என்று போன் வரும்.

"இது ஒங்க கண்டனூர் வீடு இல்லம்மா, சாத்திச் சாத்திட்டுப் போக," என்பேன், நாலு பேர் காதில் விழும்படி. லேப் முதலாளி விழுந்து விழுந்து சிரிப்பார். அவளும் சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? புருஷன் கால் ஒடிந்து படுத்திருந்தான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அது எனக்கும் தெரியும்.

ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டபோது எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. எந்தச் சிக்னல் வந்தாலும் காதில் வாங்காதே என்று புரோகிராமில் எழுதினேன். எது எதற்காக வருகிறது என்று பிரித்துப் பார்க்கவில்லை. அதன்பிறகு அவள் மூடினாலும் அது பாட்டுக்கு ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாதாந்திர மின்தடை வந்தது. யூபிஎஸ் பேட்டரி தீரும் நேரத்தில் சிஸ்டம் தன்னை நிறுத்தத் தொடங்கியது. அப்போது எல்லாப் புரோகிராமுக்கும், கையில் இருப்பதை முடித்துக்கொண்டு கிளம்பு என்று ஒரு சிக்னல் போகும். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். கிளம்பாததைக் கடைசியாக இன்னொரு சிக்னல் அனுப்பிக் கொன்றுவிடும், அதை எந்தப் புரோகிராமாலும் தட்ட முடியாது. என்னுடையது கிளம்பவில்லை. கரண்டு போனதில் மெஷினிலும் எதுவும் மிஞ்சவில்லை; காலையிலிருந்து சேர்ந்த நாற்பத்துச் சொச்சம் முடிவுகள் அதோடு அழிந்தன. வெறும் வயிற்றோடு மானகிரியிலிருந்து வந்து ரத்தம் கொடுத்த பெரியவர் மறுநாள் மறுபடி கையை நீட்ட வேண்டியிருந்தது. முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத்தான் நீட்டினார்.

முதலாளி எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். அதற்குள் நான், நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் லாகைப் பார்த்திருந்தேன். கிளம்பச் சொல்லிச் சிக்னல் வந்தது, ஏற்கவில்லை என்று என் புரோகிராமே எழுதி வைத்திருந்தது.

"யாரு தப்பு தம்பி?"

"விண்டோவை மூடியிருப்பாங்கண்ணே," என்றேன். மூடினாலும் இப்போது அது நிற்காது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"சத்தியமா நான் மூடலண்ணே," என்றாள் அவள் என்னைப் பார்த்து. "கரண்டு போனதும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். கம்ப்யூட்டர்ல பாத்தா தெரியும்ல? நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணே."

"பாத்துட்டேம்மா."

முதலாளி அவளை நம்புவதற்கு வழியே இல்லை. மாதக்கணக்காகக் கண்டனூர்க் கதவுக் கதையைச் சொல்லிச் சொல்லி அவர் மண்டையில் ஏற்றியவன் நான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மறுவாரம் திருத்தினேன். ஐந்து வரி. கிளம்பு என்றால் கையில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டுக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் முடிந்தது.

"இனி யாரு எதை மூடுனாலும் ஒண்ணும் போகாதுண்ணே," என்று முதலாளியிடம் ஓட்டிக் காட்டினேன்.

"அப்ப அந்தப் புள்ளைய மறுபடி வரச் சொல்லலாமே தம்பி. பாவம், கஷ்டப்படுற குடும்பம். நல்லாத்தான் வேலை பாத்துச்சு."

அவள் வந்தால் லாகைக் காட்டச் சொல்லிக் கேட்பாள்.

"வேணாம்ண்ணே," என்றேன். "வேற ஆளாப் பாருங்க."