பெட்டி மேல் நாலு சொட்டு

லா பாஸ் நகரத்தின் எலோய் சால்மோன் தெருவுக்கு லேப்டாப் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது. மீதிப் பேருக்கு மருமகனோ பக்கத்து வீட்டுக்காரனோ சொல்லிக்கொடுத்த நாலு எண்கள் தெரியும். அவற்றைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள். நிக்கனோரா லீப்பா தன் வட்டத்தொப்பியைச் சரிசெய்துகொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பாள். கேட்டு முடித்ததும், "அதெல்லாம் கெடக்கட்டும் கசேரா. எங்க வெச்சு வேலை செய்வீங்க?" என்பாள்.

இந்தத் தெருவில் விற்கிறவளும் கசேரா, வாங்குகிறவளும் கசேரா. ஒருவரையொருவர் ஏமாற்றப்போவதில்லை என்று இருவரும் நடிப்பதற்கு அந்த ஒரு சொல் போதும்.

"கட்டில் மேல வெச்சுதான்."

"பிளக் எங்க இருக்கு?"

"அது அண்ணன் ரூம்ல."

"அப்ப பேட்டரி ரொம்ப நேரம் நிக்கணும். அந்தப் பெரிய ஸ்கிரீன் எல்லாம் பாக்க நல்லாருக்கும், மத்தியானத்துக்குள்ள செத்துப்போயிடும்."

அடுத்து விசைப்பலகையைத் திருப்பிக் காட்டுவாள். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் மலிவுச் சரக்கில் தலையில் சுழி போட்ட 'ñ', அதாவது ஸ்பானிய 'ஞ' எழுத்து இருக்காது. பெயரில் ஞ இருக்கும் பிள்ளைகள் வாழ்நாள் முழுக்கத் தங்கள் பெயரைத் தப்பாக அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கடைசியாகத்தான் அவளுடைய பெரிய பரீட்சை வரும். லேப்டாப்பையும் சார்ஜரையும் ஒரு முதுகுத்துணியில் சுற்றி, வாங்க வந்தவர் முதுகில் இறுக்கிக் கட்டி, மேலே இருக்கும் தேவாலய மூலை வரைக்கும் ஏறிவிட்டு வரச் சொல்வாள். திரும்பி வந்து முதல் பேச்சாகத் தோளைப் பற்றிப் பேசினால் அந்த மாடலை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். சரக்கோடு ஆள் ஓடிவிட்டால் என்ன செய்வாய் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்பார்கள். "இந்த ஏத்தத்துல எவன் ஓடுவான்" என்பாள்.

இத்தனை கறாராக அவள் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்துக்கு எதிர்க்கடைக்காரர் தோன் எவரிஸ்தோ என்று பெயர். ஆறு வருஷமாக அவரை அவள் முகம் கொடுத்துப் பார்த்ததில்லை. வாங்க வருகிறவர்கள் காதில் விழும்படி, "எங்க வேணா வாங்குங்க, எதுத்தாப்ல மட்டும் போயிடாதீங்க. அந்தத் திருடன் வித்த பெட்டிதான் என் பொண்ணு வாழ்க்கையத் தின்னுச்சு" என்பாள். அவருடைய காதிலும் விழும். மனுஷர் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

அதற்கு முன்னால் அவள் இதே தெரு மூலையில் அப்பி விற்றுக்கொண்டிருந்தாள். ஊதாச் சோளத்தை அரைத்துப் பட்டை, கிராம்பு போட்டுக் காய்ச்சிய அப்பி. விடிகாலைக் குளிரில் கடை திறக்க வருகிற எல்லோருக்கும் அவளுடைய பானையடியில் நின்று ஒரு கோப்பை குடித்தால்தான் கை விரல் மடங்கும். எவரிஸ்தோ தினமும் முதல் ஆளாக வருவார். நிக்கனோராவுக்கு ஒரே மகள், லிட்சி. படிப்பில் கெட்டிக்காரி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இந்த மலைப்பக்கத்துப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் முழு உதவித்தொகை தருவதாக அறிவித்தது. எழுத்துப் பரீட்சைகளை எல்லாம் தாண்டி லிட்சி கடைசி எட்டுப் பேரில் ஒருத்தியாக நின்றாள். பாக்கி இருந்தது நேர்காணல் ஒன்றுதான். அதை வீடியோவில் வைத்தார்கள். கார்னிவல் முடிந்த புதன்கிழமை, காலை ஒன்பது மணி.

"பெருசா எதுவும் வேணாம்மா" என்றாள் லிட்சி. "லேசா, சின்னதா இருக்கட்டும். பேசிட்டிருக்கும்போது நின்னுபோகாம இருந்தா போதும்."

நிக்கனோரா எவரிஸ்தோவிடமே வாங்கினாள். கையகலத்தில் ஒரு சாம்பல் நிற லேப்டாப். அவர் அதற்கு ஒரு உறையும் கொசுறாகக் கொடுத்தார்.

கார்னிவல் செவ்வாய்க்கிழமை சல்லா, பொருள்களுக்கு மது வார்த்து ஆசி வாங்கும் சடங்கு. அன்றைக்கு இந்த ஊரில் பூமித்தாய் பச்சமாமாவுக்கு ஊற்றாமல் ஒரு பொருளும் வீட்டில் இருக்காது. வீட்டு மூலைகளுக்கு ஊற்றுவார்கள், மினிபஸ் சக்கரத்துக்கு ஊற்றுவார்கள், தையல் மிஷினுக்கு ஊற்றுவார்கள். நிக்கனோரா அடுப்புக்கு ஊற்றினாள், அப்பிப் பானைக்கு ஊற்றினாள், பிறகு லேப்டாப்பை நடு மேஜையில் வைத்துக் காகித மாலை போட்டு, வண்ணக் காகிதப் பொட்டுகளை அள்ளித் தூவினாள். ஒரு கோப்பை நிறைய பீர் எடுத்துக்கொண்டாள்.

"பெட்டி மேல நாலு சொட்டு போதும்மா" என்றாள் லிட்சி.

"என் பொண்ணு வாழ்க்கைக்குப் போய் நாலு சொட்டா? தெறந்து வெய்டி. உள்ளேயும் போகட்டும் ஆசீர்வாதம்."

அத்தனை சிரிப்பும் அத்தனை பெருமையுமாக அவள் ஊற்றினாள். வாழ்க்கையில் அன்றைக்குப் போல அவள் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. லிட்சி துணியால் ஒற்றி எடுத்தாள். ராத்திரி வரைக்கும் லேப்டாப் நன்றாகத்தான் ஓடியது. மறுநாள் காலை எட்டே முக்காலுக்குத் திறந்தால் திரையில் உயிரில்லை. பக்கத்து வீட்டு போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள் பிள்ளை. பாதிக் கேள்வி காதில் விழவில்லை, பாதிப் பதில் அங்கே போய்ச் சேரவில்லை. இடம் வேறு இரண்டு பேருக்குப் போயிற்று.

நிக்கனோரா அன்றைக்கே செத்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எவரிஸ்தோ கடைக்குப் போனாள். பின்னாலேயே லிட்சி. தெருவே கூடி நின்று பார்க்கிற மாதிரி ஆடித் தீர்த்தாள். எவரிஸ்தோ அடிமூடியைக் கழற்றினார், முகத்தை அதன் கிட்டே கொண்டுபோனார், நிமிர்ந்தார். அவளைத் தாண்டி அவளுக்குப் பின்னால் ஒரு நிமிஷம் பார்த்தார்.

"மதர்போர்டு போயிடுச்சு கசேரா. சில பீஸ் அப்படி வந்துடும். எம் மேல தப்பு. வேற எடுத்துக்குங்க."

அந்த வேறு லேப்டாப்பை லிட்சி திறக்கவே இல்லை. மே மாதம் பக்கத்து நாட்டில், புவெனஸ் ஐரிசில் மாமன் நடத்துகிற தையல் பட்டறைக்குப் போய்விட்டாள். வாராவாரம் போன் பேசுவாள். வீட்டுக்கு வந்ததில்லை. திறக்காத லேப்டாப்பை நிக்கனோரா விற்றாள். அந்தப் பணத்தில் வேறு இரண்டு வாங்கி விற்றாள். பானையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, வேண்டுமென்றே எவரிஸ்தோவுக்கு எதிரிலேயே கடை பிடித்தாள். இனி ஒரு பிள்ளைக்கும் ஓட்டைப் பெட்டி போகக்கூடாது என்பது அவளுடைய வைராக்கியம். தேநீர் கொட்டினால் லேப்டாப் கெட்டுவிடும் என்பதை விற்க ஆரம்பித்த முதல் மாதமே கற்றுக்கொண்டாள். வாங்குகிறவர்களை அவளே எச்சரிக்கவும் செய்வாள். ஆனால் கொட்டுவது வேறு, பச்சமாமாவுக்குக் கொடுப்பது வேறு. அந்த இரண்டு நினைப்பையும் அவள் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

இந்த வருஷம் கார்னிவல் முடிந்த வியாழக்கிழமை. தெருவில் காகிதச் சுருள்களைக் கூட்டி முடிக்கவில்லை. எல் ஆல்ட்டோவில் உருளைக்கிழங்கு விற்கும் தோன்யா பசிலியா கடைக்குள் வந்து ஒரு லேப்டாப்பை மேஜைமேல் வைத்தாள். மூன்று வாரம் முன்னால் நிக்கனோராவே அவள் முதுகில் கட்டித் தேவாலய மூலைவரை அனுப்பிய அதே லேப்டாப். கூட அவள் மகள் மெல்வி, நர்சிங் படிப்பில் சேர்ந்தவள்.

"திங்கக்கெழம என் பொண்ணுக்கு க்ளாஸ் ஆரம்பம்" என்றாள் பசிலியா. குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஊரெல்லாம் உங்கள நல்லவங்கன்னு சொன்னாங்க கசேரா. நானும் நம்பி வந்தேன். ரெண்டு வருஷமா மழைலயும் வெயில்லயும் உக்காந்து சேத்தது. எனக்குப் போய் ஓட்டைய குடுத்திருக்கீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

நிக்கனோராவுக்கு முகம் சிவந்துபோயிற்று. இதே வார்த்தைகளை அவளும் ஒருநாள் எவரிஸ்தோவிடம் சொல்லியிருந்தாள். ரிப்பேர்க்காரன் மத்தியானத்துக்கு மேல்தான் வருவான். அவன் வரும்வரை பொறுக்க அவளால் முடியவில்லை. தானே திருப்புளியை எடுத்து அடிமூடியைக் கழற்றினாள்.

புளித்த பீர் வாசனை வந்தது. உள்ளே ஒரு கம்பியின் மேல் ரோஜா நிறக் காகிதப் பொட்டு ஒன்று ஈரத்தில் ஒட்டியிருந்தது.

சொல்ல வாயெடுத்து அவள் நிமிர்ந்தாள். பசிலியாவின் தோளுக்குப் பின்னால் மெல்வி நின்றாள். அந்தப் பெண் தலையை மெதுவாக, தாய்க்குத் தெரியாமல், இல்லை என்று ஆட்டினாள். கண் கெஞ்சியது.

நிக்கனோராவின் கை அப்படியே நின்றது. எவரிஸ்தோ முகத்தைக் கிட்டே கொண்டுபோனது அவளுக்கு நினைவு வந்தது. நிமிர்ந்து அவளைத் தாண்டிப் பார்த்தது நினைவு வந்தது. அன்றைக்குத் தன் முதுகுக்குப் பின்னால் லிட்சி என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது ஆறு வருஷம் கழித்து அவளுக்குத் தெரிந்தது. என் பொண்ணு வாழ்க்கையைத் தின்றது நான்தான், நான்தான் என்று உள்ளே ஏதோ ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

"என்ன கசேரா, உள்ள என்னதான் இருக்கு?" என்றாள் பசிலியா.

மதர்போர்டு என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் அப்படிச் சொன்ன பொய் ஒருத்தியை ஆறு வருஷம் ஒரு நல்ல மனுஷனைத் திட்டவைத்திருக்கிறது. உண்மையைச் சொன்னாலோ இந்தத் தாயின் கை இனி எந்த சல்லாவிலும் நடுங்கும். நிக்கனோரா திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"நான் ஒரு கத சொல்றேன் கேளுங்க" என்றாள். அடிமூடியைத் திரும்ப மூடிவிட்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள். "எம் பொண்ணுக்கு நேர்காணல் இருந்துச்சு. அதுக்கு மொத நாளு நான் லேப்டாப்ப தெறந்து வெச்சு ஒரு கோப்ப பீர ஊத்தினேன். பாசத்துலதான் ஊத்தினேன். அது மெஷின கொன்னுடுச்சு. இதே எதுத்தாப்ல இருக்கிற தோன் எவரிஸ்தோ வித்தது. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. நானே பண்ணிட்டு அவரத் திருடன்னு சொன்னேன்."

எதிர்க்கடையில் செய்தித்தாள் தாழ்ந்தது.

பசிலியா மேஜைமேல் இருந்த லேப்டாப்பைப் பார்த்தாள். மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நானும் தெறந்துதான் வெச்சேன்" என்றாள்.

"தெரியும் கசேரா. நீங்க குடுத்தத பச்சமாமா ஏத்துக்கிட்டிருக்கா, அதுல ஒரு கொறையும் இல்ல. வேற எடுத்துட்டுப் போங்க, திங்கக்கெழம புள்ள படிக்கணும். இனிமே பெட்டி மேல நாலு சொட்டு. மிச்சத்த மண்ணுல ஊத்துங்க, அவ அங்கதான இருக்கா."

அவர்கள் போனதும் அவள் தன் பிளாஸ்கில் காலையில் ஊற்றிவந்த அப்பியை ஒரு கோப்பையில் ஊற்றிக்கொண்டு தெருவைக் கடந்தாள். தெரு பத்தடி அகலம்தான். எவரிஸ்தோ எழுந்து ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"உங்க பொண்ணு கும்புடாத கொறையா பாத்துச்சு. நான் என்ன செய்ய?"

"ஆறு வருஷம் உங்களத் திருடன்னேன்."

"கேட்டுச்சு" என்றார் எவரிஸ்தோ. "நீங்க மெதுவா எங்க சொன்னீங்க?" கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார். "கிராம்பு கம்மி."

அவள் சிரிக்க முயன்றாள், முடியவில்லை. அவருடைய கடை வாசலில் நின்றபடியே புவெனஸ் ஐரிசுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் தையல் மிஷின்கள் ஓடும் சத்தம்.

"என்னம்மா இந்நேரத்துல? ஒடம்புக்கு ஏதும்..."

"லிட்சி. அது பீர்தானே?"

ஒரு மிஷின் சத்தம் நின்றது.

"எங்கிட்ட ஏண்டி மறச்ச? நெட்டு சரியில்ல, பெட்டி சரியில்லன்னு ஏண்டி சொன்ன? என்னத் திட்டியிருக்கலாமே நீ. ஒரு தடவயாவது திட்டியிருக்கலாமே."

"எப்படிம்மா திட்டறது?" என்றாள் லிட்சி. "நீ அன்னிக்கு எவ்ளோ சந்தோஷமா ஊத்தின, தெரியுமா?"