வெயிலுக்கு வேறு அளவு

ஆர்லன் ஸ்காக் முப்பத்தொரு வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தைச் சூடாக்கும் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர். அத்தனை வருஷத்தில் அழுத்தமானியின் முள் ஒருமுறைகூடச் சிவப்பைத் தொட்டதில்லை. மொன்டானா குளிரில் பிள்ளைகள் வகுப்பில் கையுறையைக் கழற்றியதும் இல்லை.

ஓய்வு பெற்றதும் அதே பக்தியைத் தோட்டா மேல் திருப்பினார். கார் ஷெட்டில் மேஜை, தராசு, பித்தளைக் கூடுகள். வேட்டை ரைபிளுக்கான தோட்டாவைத் தானே செய்வார். கையேட்டில் போட்டிருக்கும் உச்ச வெடிமருந்து அளவு கையேட்டுக்காரனின் துப்பாக்கிக்குத்தான் என்பது அவர் வாதம். வெகு கீழே தொடங்கி, துளித்துளியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஐந்து சுட்டுப் பார்ப்பார். சுட்ட கூட்டின் அடிமூடி தட்டையானாலோ, துப்பாக்கியின் போல்ட் திறக்க முரண்டு பிடித்தாலோ அழுத்தம் மிஞ்சிவிட்டதென்று அர்த்தம்; ஏற்றம் அத்தோடு நிற்கும். மற்றவர்கள் ஒரு படி இறங்குவார்கள், இவர் இரண்டு. இதே மனிதர்தான் சூப்பை ருசி பார்க்காமலே உப்பு கொட்டுகிறவர்.

மூட்டுவலிக்காக அரிசோனாவில் தங்கை வீட்டுக்குக் குளிர்காலம் மட்டும் போன மனைவி லவான், மூன்று வருஷமாகியும் திரும்பவில்லை. சண்டை எதுவுமில்லை. ஷெட் சுவரில் தினமும் சாக்பீஸால் அரிசோனா வெப்பநிலையை எழுதிவைப்பார் ஆர்லன்.

“தோட்டா இங்கதானே வெடிக்கப்போவுது?” என்றேன்.

“சூட்டுல மருந்து வேகம் கூடும் வாத்தியாரே. சும்மா தெரிஞ்சு வச்சுக்கிறது.”

ஞாயிறுதோறும் லவான் கூப்பிடுவாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு அவர் நிறுத்துக்கொண்டிருப்பார். காபிக்கு வந்த நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

“இங்க வரக் கிளம்பிட்டியா?”

“இன்னும் அளவு முடியல லவான்.”

“உனக்கு என்னிக்கு முடிஞ்சிருக்கு? கல்யாணத்துக்குக் கேக்கவே ரெண்டு வருஷம் படிப்படியா ஏறினவன்.”

“கேட்டேன்ல?”

“நான்தான்யா கேட்டேன்!”

பிப்ரவரிக் கடுங்குளிரில் அளவு கிடைத்தேவிட்டது. நூறு கஜத்தில் ஐந்து குண்டும் ஒரு காபிக் கோப்பைக்குள் அடங்கின. அறுபது தோட்டா செய்து அடுக்கினார். அந்த ஞாயிறு விஷயத்தைச் சொன்னார்.

“அப்ப கிளம்பு,” என்றாள் லவான்.

“பனியில ஏத்தின அளவு இது. உங்க ஊரு வெயிலுக்கு ஆபத்து.”

“சரி ஆர்லன். அங்கயே இரு. இனி நான் கேக்க மாட்டேன்.”

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. தராசில் எதையும் வைக்காமல் மதியம்வரை அதன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடாத முள்ளைப் பார்ப்பதில் அவருக்கு அனுபவம் உண்டு.

வியாழக்கிழமை மாலை ஷெட்டில் டொக் டொக் என்று சத்தம். தோட்டாக்களை ஒவ்வொன்றாக, அவற்றைப் பிரிப்பதற்கென்றே உள்ள சுத்தியலின் தலைக்குள் பொருத்தி, மரக்கட்டையில் தட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். குண்டுகள் ஒரு டப்பாவில். மருந்து, அது வந்த அதே டப்பாவில்.

“என்ன ஆர்லன், நல்ல தோட்டாவாச்சே!”

“இங்கத்துக்கு நல்லது. அங்க அடிப்படியிலேர்ந்து தொடங்கணும்.”

அறுபதாவதையும் பிரித்துவிட்டுக் கையைத் துடைத்தார். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். இந்த மூன்று வருஷத்தில் அவராக அவளைக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

“லவான், நான்தான். இந்தத் தடவை நான் கேக்கிறேன். ஒரு வாரம் வந்து இருந்து பாக்கட்டுமா?”

“மனசுல இருக்கிறதுலேர்ந்து எத்தனை படி இறக்கிச் சொல்றே?”

ஆர்லன் சுவரிலிருந்த சாக்பீஸ் எண்ணைப் பார்த்தார்.

“ரெண்டு,” என்றார்.