என் மகள் மறக்காத ஒரே விஷயம்

ஆடிக் காற்றில் பாதையோரத்து மரக்கிளை ஒன்று முறிந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த என் மகளின் தலையில் விழுந்தது. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. இலங்கை மலையகத்தில், அட்டனுக்குக் கீழே, வட்டவளைப் பக்கம் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம். அந்தக் காற்றுக்கு அங்கே தகரம் பறப்பதும் கிளை விழுவதும் வழக்கம்தான். நான் எதற்கும் பயப்படுகிறவள். பஸ் பிந்தினாலும் பயப்படுவேன், நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டாலும் என்னவோ ஏதோ என்று பயப்படுவேன். அன்றைக்கு மட்டும் ஒரு பயமும் இல்லாமல் பக்கத்து நிரைக்காரியோடு சிரித்துப் பேசிக்கொண்டு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

கண்டி ஆஸ்பத்திரியில் அவளைப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்தவள் நடந்தாள், பேசினாள், எல்லோரையும் அடையாளம் கண்டாள். ஆனால் பல் விளக்கும் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீர் விழும் பீலிக்கரையில் நிற்பாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் "அம்மா, சோறு போடலியா?" என்பாள். இழவு வீட்டில் சிரித்துவிடுவாள். ஒருநாள் ரொட்டி ஆறிவிட்டதென்று தட்டைச் சுவரில் அடித்தாள். முன்பு இருந்த பிள்ளை வாய் திறந்து ஒன்றும் கேட்கமாட்டாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிலர், பிள்ளைக்கு ஏதோ சேர்ந்திருக்கிறது, கயிறு கட்டுங்கள் என்றார்கள். கட்டினோம்.

டவுன் மாதா கோயிலில் இருந்த ஒரு கன்னியாஸ்திரிதான் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். இலண்டனில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருக்கிறாராம். தலையில் அடிபட்ட பிள்ளைகளைத் தாய் தகப்பனோடு சேர்த்து உட்கார வைத்துப் பேசிப் பேசியே பழக்குவாராம். கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மத்தியானம் வந்தால் அதிலேயே பேசலாம், காசு ஒன்றும் வேண்டாம் என்றார்.

"காயத்துக்கு எண்ணெ போடலாம். கம்பியூட்டர்ல என்னாத்தப் போடுவாங்க?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். ஆனாலும் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

கம்ப்யூட்டர் கண்ணாடியில் அந்த அம்மாவின் முகம் வந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். "இருங்கோ அம்மா, இருங்கோ. நான் ஒண்டும் பெரியாள் இல்லை" என்று சிரித்தார். அவர் தமிழ் எனக்கு முதலில் பாதிதான் பிடிபட்டது. வாய் முதலில் அசையும், சத்தம் பின்னால் வரும். மழை பெய்து இடி இடித்தால் வாய் திறந்தபடியே முகம் நின்றுவிடும். என் மகள் அதைப் பார்த்துக் கைதட்டிச் சிரிப்பாள். எனக்கு மானம் போகும். அந்த அம்மா கோபிக்கவே மாட்டார். "சிரிக்கட்டும். நானும் எத்தினை பேரைப் பாத்துச் சிரிச்சிருக்கிறன்" என்பார்.

அவர் முறை இதுதான். ஒரு கிழமைக்கு ஒரே ஒரு கஷ்டத்தை எடுக்க வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்று மூன்று பேரும் தோன்றியதையெல்லாம் சொல்ல வேண்டும். யாரும் யாரையும் நக்கலடிக்கக் கூடாது. பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடுத்த ஞாயிறுவரை செய்து பார்க்க வேண்டும். காலை நேரத்துச் சண்டையைத்தான் முதலில் எடுத்தோம். என் வீட்டுக்காரர் கரித்துண்டால் காம்பரா அறையின் சுவரில் பிரஷ், சீப்பு, சட்டை, தேத்தண்ணிக் கோப்பை என்று வரிசையாகப் படம் போட்டார். சீப்பு மீன் முள் மாதிரி இருந்தது. ஆனால் மகள் அதைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே எல்லாம் செய்தாள். அன்றைக்கு நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த அறையில்தான் கல்யாணமாகி முதல் தடவையாக என் வீட்டுக்காரர் நான் பேசி முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். இடையில் வாயைத் திறந்தால், "அப்பா, பொறுங்கோ. அம்மா முடிக்கட்டும்" என்று கண்ணாடிக்குள்ளிருந்து குரல் வரும். அவரும் அடங்கிவிடுவார். இப்படியும் ஒரு இடம் உலகத்தில் இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியம். அந்த அம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "ஒருத்தருக்குத் தெரியாமல் மற்ற ரெண்டு பேரும் முடிவெடுக்கக் கூடாது. வீட்டிலயும் அதுதான் சட்டம்." அதை நான் மனதில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தம்பி தங்கைகளைப் பார்க்க ஆளில்லை என்று நிறுத்திவிட்டார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. மகள் சாதாரணதரப் பரீட்சை எழுத வேண்டும், என்னைப் போலக் கொழுந்து எடுக்க மலையில் ஏறி நிற்கக் கூடாது என்பது ஒன்றுதான் என் வாழ்க்கையில் நான் வைத்திருந்த எண்ணம். அடிபட்டு வந்தபின் ஒரு வாரம் அனுப்பிப் பார்த்தேன், இவளை வைத்துச் சமாளிக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு மூன்று தடவை நடந்தேன். உப அதிபர் கடைசியில் மனமிரங்கினார். தையில் வரட்டும், ஒரு வகுப்புக் கீழே உட்காரட்டும், பார்ப்போம் என்றார். அதைக் கண்ணாடிக்கு முன்னால் நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் தலையாட்டினார். மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா, "பிள்ளை என்ன நினைக்கிறா?" என்று கேட்டார். "அவளுக்கு ஆசைதான் மிஸ்" என்று நான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்த அம்மா ஒவ்வொருவரோடும் தனியாகவும் கொஞ்சம் பேச வேண்டும் என்றார். என் முறை வந்தால் நான் என் பயங்களைச் சொல்வேன். பஸ்ஸில் தலை இடிபடுமோ, இன்னொரு அடி பட்டால் என்ன ஆகும், நான் செத்தால் யார் பார்ப்பது. அவர்கள் முறையில் நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பேன். கதவு சாத்தியிருக்கும். உள்ளே சில நாள் சிரிப்புச் சத்தம் கேட்கும். நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, விடிய நான் பெரட்டுக்குப் போனேன். வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்த இடத்தில் பெண்கள் எல்லோரும் கூடையோடு நின்றார்கள். கங்காணி என்னைப் பார்த்து, "என்னா புள்ள, நீ மட்டும் வந்து நிக்கிற? மக எங்க?" என்றார்.

"வீட்டுல இருக்கா. ஏன்?"

"ஏனா? இன்னைக்கி இருந்து அவளுக்கும் வேலைக்கிப் பேர் போடுதுல்ல. ஓம் புருசன் ஐயாகிட்ட வந்து பேசிட்டுத்தானே போனாரு. ஒன் நெரைக்கு அடுத்த நெர."

பக்கத்தில் நின்றவள், "மக விசயமா தொரமார் பங்களாப் பக்கம் அலையுறாரேன்னு பாத்தேன். மாப்பிள்ளதான் தேடுறாருன்னு நெனச்சா, கூடையில்ல தேடியிருக்காரு!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. "காய்ச்சலா இருக்கு, நாளைக்கி வருவா" என்று பொய் சொன்னேன். அன்றைக்குக் கை எதைக் கிள்ளியது என்றே தெரியாது.

பின்னேரம் அவர் வேலை முடிந்து வந்து வாசலில் காலைக் கழுவினார்.

"யாரக் கேட்டுச் செஞ்சீங்க?"

அவர் என்ன என்றுகூடக் கேட்கவில்லை. காலைத் துடைத்துக்கொண்டே, "அந்த அம்மாகிட்டக் கேட்டுத்தான்" என்றார்.

"எந்த அம்மா?"

"கம்பியூட்டர் அம்மாதான். ஒரே வேலயா, ஒரே நேரத்துல, கூட ஆள் இருக்குற மாதிரி ஏதாச்சும் குடுங்க, மூள அப்பதான் பழகும்னு அவங்க சொல்லல? ஒன்னயும் வச்சிக்கிட்டுத்தானே சொன்னாங்க? கொழுந்து எடுக்குறது அதுதானே. வெள்ளன பெரட்டு, அப்பறம் நெர, அப்பறம் கொழுந்து நிறுவ. தெனமும் அதேதான். பக்கத்துல நீ நிக்கப் போற. இத விட என்னா வேணும்?"

"பள்ளிக்கூடம்?"

"அவளையே கேளு."

மகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா சொல்லிட்டாரா? நான் சொல்லல்ல பாத்தீங்களாம்மா! மூணு ஞாயித்துக்கெழம ஆச்சு. நான் மறக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல!"

தின்ற சோறு நினைவில் நிற்காத பிள்ளை. காலையில் யார் வந்தார்கள் என்று மத்தியானம் தெரியாத பிள்ளை. என்னிடம் மறைக்க வேண்டிய ஒன்றை மட்டும் மூன்று கிழமை பத்திரமாக வைத்திருந்து, இப்போது அதற்கு என்னிடமே பாராட்டுக் கேட்டு நின்றாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தால் யாருக்கும் அடிக்க மனம் வராது. எனக்கும் வரவில்லை. ஆனால் அந்த நேரம் எனக்கு நெஞ்சில் பட்டது இன்னும் ஆறவில்லை.

அடுத்த ஞாயிறு நானே முதலில் கதிரையில் உட்கார்ந்தேன். இந்தக் கிழமை என்ன கஷ்டத்தை எடுப்போம் என்று அந்த அம்மா கேட்கும் முன்னாலேயே கேட்டேன்.

"ஒருத்தருக்குத் தெரியாம ரெண்டு பேர் முடிவெடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க? இப்ப மூணு பேரு முடிவெடுத்துருக்கீங்க."

அவர் முகம் மாறியது. "அம்மா, உங்களிட்டச் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ எண்டுதான் நான் அப்பாவுக்குச் சொன்னனான். நல்ல நேரம் பாத்துச் சொல்லுறன் எண்டவர். இவ்வளவு கெதியாச் செய்வார் எண்டு நான் நினைக்கேல்ல."

"உங்களுக்கும் தெரியும்தானே மிஸ்?"

"தெரியும். பிள்ளைதான் தானும் மலைக்குப் போறன் எண்டு கேட்டவ. பள்ளிக்கூடத்துக்குப் போகப் பயமா இருக்கு, அதை அம்மாவிட்டச் சொல்லவும் பயமா இருக்கு எண்டவ. நீங்கள் சரியாப் பதறுவீங்கள் எண்டு..."

அதோடு முகம் நின்றுவிட்டது. மழை இல்லை, இடி இல்லை. லைன் அறுந்ததா, அவர்தான் பேச்சில்லாமல் இருந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

மகள் என் சேலை நுனியைப் பிடித்தாள். "பள்ளிக்கூடத்துல எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா. நான் சிரிச்சா மட்டும் ஏன் சிரிக்கிறன்னு அடிக்கிறாங்க. ஒங்ககிட்டச் சொன்னா நீங்க அழுவீங்க. நீங்க அழுதா எனக்குத் தல வலிக்கிது."

"என்னாடி, எப்ப அடிச்சாங்க?"

"முன்னாடி. நீங்க என்னய ஒரு வாரம் அனுப்புனீங்கல்ல, அப்ப."

அந்த ஒரு வாரமும் அவள் சந்தோஷமாகப் போய் வந்தாள் என்றுதான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடி, "இதுக்குத்தான் சொல்லல்ல" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. என் பயம் அவர்களுக்கு ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது. அடிபட்டவளையும் சேர்த்து மூன்று பேரும் கூடி, அடிபடாத என்னை ஒதுக்கி வைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் சொல்லாதது எனக்காகத்தான் என்று வேறு சொல்கிறார்கள். கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், உண்மைதான். அழுது முடித்துவிட்டு யோசித்திருக்கவும் மாட்டேனா? அந்த இடத்தை எனக்கு யாருமே தரவில்லையே.

அதற்குப் பிறகு நான் அந்த அறைக்குப் போகவில்லை. அவர்கள் இரண்டு பேரும் இன்னும் சில மாதம் போனார்கள். அந்த அம்மா என்னைக் கேட்டதாக ஒவ்வொரு முறையும் மகள் வந்து சொல்வாள். "என்னா சொன்னாங்க?" என்றால் மறந்துவிட்டது என்பாள். நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. முன்பு அவள் மறந்தால் கவலைப்படுவேன். இப்போது சந்தேகப்பட்டேன்.

தையில் பள்ளிக்கூடம் திறந்த அன்று நாங்கள் பாதைக்கு மேலே உள்ள மலையில் நின்றோம். என் நிரைக்கு அடுத்த நிரையில் அவள். அவள் பேர் போட்டு மூன்று கிழமைக்கு மேல் ஆகியிருந்தது. கீழே வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் கூட்டமாகப் போனார்கள். அவளோடு படித்த இரண்டு மூன்று பேர் அண்ணாந்து பார்த்துக் கையாட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளும் கொழுந்து நிறைந்த கையைத் தூக்கி ஆட்டினாள். பிறகு குனிந்து வேலையைத் தொடர்ந்தாள். இரண்டு இலை, ஒரு மொட்டு, இரண்டு இலை, ஒரு மொட்டு. நான்தான் அந்தப் பிள்ளைகள் வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

கங்காணி வந்து என் கூடையில் கையை விட்டுக் கிளறினார்.

"என்னா புள்ள இது, முத்தல் எலயா கெடக்கு? மகளப் பாரு, எவ்வளவு சுத்தமா எடுக்குது!"

அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். முத்தல் இலைகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, அவளைப் பார்க்காமல் என் நிரையில் மேலே ஏறினேன்.