எல்லாரையும் கேட்டாச்சாம்

இன்று காலை எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் பின்னால் வேலி போட ஆள் வந்துவிட்டார்கள்.

லீவுக்குக் கேமரன் மலைக்கு, பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன், குளிருக்குப் போர்த்திக்கொண்டு நாலு நாள் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். (நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும்.)

வேலி எதற்கு? மேலே சுற்றுப்பயணிகளுக்கு ஒரு கஃபே வரப்போகிறதாம். தேயிலையைப் பார்த்துக்கொண்டே கேக் சாப்பிடுவார்களாம். நாங்கள் குறுக்கே நடந்தால் போட்டோவில் விழுந்துவிடுவோமாம்.

அதனால் லைனிலிருந்து பஸ் நிற்கும் ரோட்டுக்குப் போகிற பாதையை அடைக்கிறார்கள். இனி மேட்டில் ஏறி, தொழிற்சாலையைச் சுற்றித்தான் போக வேண்டும்.

மற்றவர்களுக்கு அது ஒரு சுற்று, அவ்வளவுதான். என் அண்ணனுக்கு அப்படி இல்லை. எஸ்டேட் லோரி ஓட்டியவர். விபத்தில் கால் நொறுங்கி, இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். வாராவாரம் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி. அந்த மேட்டில் அவரால் ஏறவே முடியாது. பாதை போனால் ஆஸ்பத்திரியும் போச்சு.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. ஏனென்றால் இப்படிச் செய்வதற்கு முன் ஜனங்களைக் கேட்க வைப்பதுதான் என் வேலையே.

நான் வக்கீல். ஐரோப்பாவில் கடலுக்குள் காற்றாலை நடுகிற கம்பெனிகளுக்கு அனுமதி வாங்கும் சட்ட வேலையை கோலாலம்பூரில் இருந்துகொண்டு பார்க்கிறேன். (லைனில் முதன்முதலில் இதைச் சொன்னபோது அண்ணன் கேட்டது: "காத்துக்கருப்புக்கெல்லாம் வக்கீல் வச்சிட்டாங்களா லா?")

அங்கே கடலில் ஒரு கம்பம் நட வேண்டுமென்றால் மீனவர்களைக் கேட்க வேண்டும். கேபிள் கரையேறும் ஊரைக் கேட்க வேண்டும். பறவை எந்தப் பக்கமாகப் பறக்கிறது என்று ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை, நண்டு பிடிக்கக் கூடு போடும் நாலைந்து பேரைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள் என்று தெரிந்து, மறுபடி முதலிலிருந்து கூட்டம் போட வைத்தேன். முடிவெடுத்த பிறகு கேட்டால் அது கேட்டதாகவே ஆகாது. என் தொழிலுக்கு அதுதான் அரிச்சுவடி.

அங்கே பறவைக்கு இருக்கும் மரியாதைகூட இங்கே எங்களுக்கு இல்லை.

நேராக எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். எஸ்டேட் மேனேஜர், அதாவது துரை, ஊரில் இல்லை. ஆபீஸ் கணக்கு பார்க்கும் கிராணி இருந்தார். நம்ம ஆள்தான், அண்ணனோடு ஒன்றாகப் படித்தவர்.

"அண்ணே, பாதைய அடைக்கிறதுக்கு முன்னாடி லைன்ல யாரையாவது கேட்டீங்களா?"

"எல்லாரையும் கேட்டாச்சும்மா. துரைகிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டேன்."

"எப்ப கேட்டீங்க?"

"காலைல பெரட்டுல, வேலைக்கு ஆள் பிரிக்கிறப்ப. பாதைய மூடப்போறோம்னு சத்தமாச் சொன்னேன். கேட்டுச்சான்னு கேட்டேன். கேட்டுச்சுன்னாங்க. இன்னும் என்ன லா செய்யணும்?"

அவர் பொய் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலே அதுதான். காதில் விழுவதும் கேட்பதுதான், சம்மதமா என்று விசாரிப்பதும் கேட்பதுதான். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல். இவர் தனக்கு வசதியான பாதியை எடுத்துக்கொண்டார், துரையிடம் அது மொத்த லைனின் சம்மதமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"அவங்க காதுல விழுந்துச்சு, சரி. சம்மதம்னு சொன்னாங்களா?"

"வேணாம்னும் யாரும் சொல்லலையேம்மா."

(பெரட்டில் வாயைத் திறந்தவர்களை மறுநாள் எந்தச் சரிவுக்குக் கொழுந்து பறிக்க அனுப்புவார்கள் என்று லைனில் குழந்தைக்கும் தெரியும்.)

படித்த சட்டத்தையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது கடல் இல்லம்மா, எஸ்டேட்டு" என்றார். எனக்கு அழுகை வராத குறை.

திரும்பி வந்தால் வேலி பாதையின் வாய்க்கே வந்துவிட்டது. அங்கே, நட்ட நடுவில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். ஊன்றுகோல் மடியில். வேலிக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கம்பியைக் கீழே போட்டுவிட்டு நிற்கிறார்கள். யாரோ போன் போட்டிருக்க வேண்டும், கிராணி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"கொஞ்சம் எந்திரிப்பா. வேலை நிக்குது."

அண்ணன் அசையவில்லை.

"இப்ப நீ கேக்குறியா, சொல்றியா?"

கிராணி என்னை ஒரு பார்வை பார்த்தார். பின்னால் லைன் ஜனம் கூடிவிட்டது. வேறு வழியில்லாமல், "கேக்குறேன்பா" என்றார்.

"கேட்டா நான் பதில் சொல்லலாம்ல? மாட்டேன்."

கிராணி துரைக்குப் போன் போடத் தள்ளிப் போனார். துரை நாளைக்கு வருகிறாராம், அதுவரை வேலி போடுகிற வேலை நிற்கட்டுமாம்.

அண்ணன் நம்பவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. நானும் ஒரு நாற்காலி போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எங்களுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டு நாற்காலி வந்துவிட்டது.

ரிங்லெட், தானா ராத்தா பக்கம் இருக்கும் நண்பர்கள் யாரும் வரலாம். நாற்காலியை மட்டும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள், இங்கே தீர்ந்துவிட்டது.