நூற்றேழு கிலோவுக்கு ஒரு படகு

தாம்பரம் ஸ்டேஷனில் இருந்த எடை மிஷின், அசரியா ஏறி நின்றால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சீட்டைத் துப்பும். 1971 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அது துப்பிய சீட்டில் நூற்றேழு கிலோ என்று இருந்தது. பின்பக்கத்தில், ‘நீங்கள் பிறர் மனம் கோணாமல் நடப்பவர்’ என்று ஜோசியம். அசரியா அதைப் படித்துவிட்டு, “இனிமே இல்லை” என்று வாய்விட்டே சொன்னார். பக்கத்தில் பீச் வண்டிக்காக நின்றிருந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

அசரியாவுக்கு ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன் உத்தியோகம். கிழக்குத் தாம்பரத்தில் வீடு. மனைவி தபீதாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மனிதர் யார் சொன்னாலும் தலையாட்டுவார், யார் கேலி செய்தாலும் சேர்ந்து சிரிப்பார். அப்படிச் சிரித்துச் சிரித்தே நாற்பத்தைந்து வயதாகிவிட்டது. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பாய்ப்படகு. பெருங்களத்தூர் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போனால் ஓர் ஏரி. மழை நின்றதிலிருந்து ஏப்ரல் வரை அதில் தண்ணீர் நிற்கும். நிற்கிறவரைக்கும் அங்கே ஒரு கிளப் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் நடத்தியது.

அந்தக் கிளப்பின் படகுகளில் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் சுக்கான் பிடித்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று தீர்மானிப்பவர். மற்றவர் விளிம்பில் உட்கார்ந்து, காற்று தள்ளும்போது படகு சாயாமல் வெளியே தொங்குபவர். இந்த இரண்டாவது ஆளுக்குக் கிளப்பில் வைத்த பெயர் ‘வெயிட்’. “இன்னிக்கு உங்க வெயிட் யாரு?” என்றுதான் கேட்பார்கள். கப்பிலும் பலகையிலும் சுக்கான் பிடித்தவர் பெயர் மட்டும் ஏறும். வெயிட்டுக்கு ரெஜிஸ்டரில் கிலோ மட்டும். மூட்டைக்கு யாராவது பெயர் எழுதுவார்களா?

காலைப் பந்தயம் பத்து மணிக்கு. அந்த நேரத்துக் காற்று சோம்பேறி. அப்போது அசரியாவை யாரும் ஏற்ற மாட்டார்கள். அவர் ஏறினால் படகு நகராது. இரண்டு மணிக்குக் கடல்காற்று வந்து ஏரியைக் கலக்க ஆரம்பித்ததும், “அசரியா எங்கே, அசரியா எங்கே” என்று தேடுவார்கள். முதல் உரிமை செகரெட்டரி ஸ்ரீநிவாசனுக்கு. அவர் ஒரு கம்பெனியில் மானேஜர், அழகாகப் பேசுவார். பன்னிரண்டு வருஷத்தில் அசரியாவைத் தொங்கவிட்டு அவர் வாங்கிய கப் ஒன்பது. ஒரே ஒரு தடவை அசரியா சுக்கானைக் கேட்டுப் பார்த்தார். “நீங்க இங்கே உக்காந்துண்டா அங்கே யார் தொங்கறது?” என்றார் ஸ்ரீநிவாசன். எல்லோரும் சிரித்தார்கள். அசரியாவும் சிரித்தார்.

அந்த வருஷத்துக் கிளப் ஆண்டு மலரில் ஒரு போட்டோ வந்தது. பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு இருந்தது அசரியாவின் முதுகு. கீழே, ‘தன் படகில் திரு. ஸ்ரீநிவாசன்’. தபீதாள் அதைப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள். அவள் சிரித்திருந்தால்கூட அசரியா தாங்கியிருப்பார். மறுநாள்தான் அவர் எடை மிஷினில் ஏறியது.

ஒரே ஆள் ஓட்டும் படகுதான் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒற்றை ஆளுக்கான சாதாரணப் படகு அவரை ஏற்றிக்கொண்டால் கழுத்து வரை முங்கிவிடும். மிச்சம் இருந்தது, இரண்டு ஒல்லிப் படகுகளைக் குறுக்குச் சட்டம் போட்டு இணைத்த ஜாதி. நம் ஊர்க் கட்டுமரத்தின் பெயரைக் கொண்டுபோய், கேட்டமரான் என்று எழுதி, வெள்ளைக்காரன் அதற்கு பிளான் விற்றுக்கொண்டிருந்தான். அசரியா மூன்று பிளான்களைத் தபாலில் வரவழைத்து, கிளப் மேஜையில் விரித்தார்.

விரித்ததுதான் தாமதம், ஆளாளுக்கு நிபுணர் ஆனார்கள். முதல் பிளான் கத்தி போலக் கூரானது, சீமையில் கப் மேல் கப் வாங்கியது. “ரேஸ்னா ஸ்பீடு. கண்ணை மூடிண்டு இதைக் கட்டுங்கோ” என்றார் ஸ்ரீநிவாசன். இரண்டாவது, வாழைக்காய் மாதிரி வளைந்தது, கடற்கரை மணலில் அப்படியே ஏற்றலாம். பல் டாக்டர் தேவானந்தம் அதற்கு ஓட்டுப் போட்டார். மூன்றாவதை யாரும் தொடவில்லை. பழைய மாடல், தொந்தி வைத்தது, சீமையிலேயே மவுசு போனது.

“ஒண்ணு மட்டும் பண்ணுங்க அசரியா. ஒரு இருபத்தஞ்சு, முப்பது கிலோ குறைச்சிட்டு முதல் படகைக் கட்டுங்க” என்றார் டாக்டர். அதைத்தான் எல்லோரும் சொன்னார்கள். தபீதாள்கூட ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டுக் கோதுமைக் கஞ்சி வைக்க ஆரம்பித்தாள்.

அசரியா ஆபீஸ் பழக்கப்படி பிளானின் மூலைகளைத்தான் முதலில் படிப்பார். மூன்றிலும் ஒரு மூலையில் எறும்பெழுத்தில் ஒரே குறிப்பு இருந்தது: ஓட்டுபவர் எடை பதினோரு ஸ்டோன். அதாவது எழுபது கிலோ. இந்த வேகம், இந்தக் கப் எல்லாமே அந்த எழுபது கிலோக்காரனுக்கு. அசரியா என்பவர் அந்த ஆளும் இன்னொரு அரை ஆளும். கிளப்பில் இத்தனை கெட்டிக்காரர்கள் பாயின் அளவைப் பார்த்தார்களே தவிர, ஏறப் போகிறவனைப் பார்க்கவில்லை. பார்த்தபோதும் அவனைச் செதுக்கிப் படகுக்குள் வைக்கத்தான் வழி சொன்னார்கள்.

டிரேசிங் பேப்பரை மேலே போட்டு, நூற்றேழு கிலோவோடு தண்ணீர்க்கோடு எங்கே வரும் என்று மூன்றுக்கும் வரைந்தார். முதல் படகின் பின்பக்கம் முழுக்கத் தண்ணீருக்குள் போனது. இரண்டாவதும் அப்படியே. தொந்திப் படகு இரண்டு அங்குலம் இறங்கியது, அவ்வளவுதான். அகலமும் அதற்குத்தான் அதிகம். காற்று அடிக்கும்போது விளிம்பில் போய் உட்கார்ந்தால் அவருடைய கனம் அவருக்கே உதவும். காலைக் காற்றில் அது ஆமை என்பதும் கோட்டிலேயே தெரிந்தது. தெரிந்தேதான் அதன்மேல் டிக் போட்டார்.

“உடம்பை மாத்திக்கிட்டாத்தான் ஏறலாம்னா அது என் படகில்ல, தபீதா. வேற யாரோட படகோ” என்றார்.

“அப்ப கஞ்சியை நிறுத்திடட்டுமா?”

“நிறுத்து.”

படகு வீட்டுப் பின்புறம் ஒரு வருஷம் வளர்ந்தது. 1973 ஜனவரியில் சட்டங்களைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏரிக்குக் கொண்டுபோனார். அங்கே கமிட்டி காத்திருந்தது. இரட்டைப் படகுக்குக் கிளப்பில் விதி கிடையாதாம். ஆகவே பாதுகாப்பை உத்தேசித்து, முதலில் ஆறு காலைப் பந்தயம் ஓட்ட வேண்டும், அப்புறம்தான் மத்தியானப் பந்தயம். பாதுகாப்பாவது மண்ணாவது. மத்தியானத்தில் அசரியா சும்மா இருந்தால் ஸ்ரீநிவாசனுக்கு வெயிட் கிடைக்கும், விஷயம் அதுதான்.

அசரியா தகராறு செய்யவில்லை. ஆறு ஞாயிறு காலையில் ஓட்டினார். ஆறு தடவையும் கடைசி. ‘பார்சல் வண்டி’ என்று பெயர் வைத்தார்கள். இந்தத் தடவை அவர் சேர்ந்து சிரிக்கவில்லை. மத்தியானம் கடல்காற்று எழுந்ததும் துண்டை விரித்துக் கரையில் உட்கார்ந்துகொண்டார்.

கிளப் காவலாளி பொன்னுசாமிக்கே பொறுக்கவில்லை. “இன்னா சார், காத்து அடிச்சிகினு கீது, நீ பாட்டுக்கு குந்திகினு கீறே. செகரட்ரி உன்னியவே பாத்துகினு கீறாரு.”

“பாக்கட்டும்.”

ஆறு மத்தியானமும் ஸ்ரீநிவாசன் தோற்றார். ஏழாவது ஞாயிறு கிளப்பின் ஆண்டுப் பந்தயம். அன்றைக்குக் கடல்காற்று ஒரு மணிக்கே வந்துவிட்டது. கரையில் கட்டியிருந்த கொடி கிழிந்துவிடும் போலப் படபடத்தது. அசரியா பாயை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஸ்ரீநிவாசன் தானே நடந்து வந்தார், பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு.

“அசரியா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் என்கூட வாங்கோ. கப்ல ரெண்டு பேர் பேரையும் போட்டுடலாம். கமிட்டில சொல்லிட்டேன்.”

அசரியாவின் கை கயிற்றில் அப்படியே நின்றது. ஸ்ரீநிவாசனோடு போனால் ஜெயிப்பது நிச்சயம். பன்னிரண்டு வருஷமாகக் கேட்க நினைத்துக் கேட்காதது, கேட்காமலே வந்து நிற்கிறது. அப்புறம் கோபம் வந்தது, நல்ல கோபம். இந்தக் காற்று அடிக்காமல் இருந்திருந்தால் இந்த மனிதர் மடித்துவிட்ட பேண்ட்டோடு இங்கே வந்திருப்பாரா?

“என் பேரு ரெண்டாவதா இருக்கும் சார். வேண்டாம். தனியாப் போய்க் கடைசியா வர்றேன்.”

“பிடிவாதம் பிடிக்காதீங்கோ.”

“இப்பத்தான் சார் பழகிக்கிட்டிருக்கேன்.”

ஸ்ரீநிவாசன் பல் டாக்டரை ஏற்றிக்கொண்டு போனார். டாக்டர் ஐம்பத்தெட்டு கிலோ. முதல் மிதவையைச் சுற்றித் திரும்பும்போது ஒரு காற்று அடித்தது, படகு குப்புறக் கவிழ்ந்து பாய்மரம் ஏரிச்சேற்றில் குத்தி நின்றது. அசரியா அந்த வழியாகத்தான் வந்தார், விளிம்பின் கடைசியில் உட்கார்ந்து, ஒரு கையில் சுக்கானும் மறு கையில் கயிறுமாக. தொந்திப் படகு கடகடவென்று அதிர்ந்தபடி ஓடியது. உடம்பு முழுவதும் முதல் தடவையாக உபயோகப்பட்டது, அவருக்கே.

“அசரியா! வந்து இந்தப் படகு மேல ஏறி நில்லுங்கோ, நிமிர்த்திடலாம்!” என்று தண்ணீரிலிருந்து கத்தினார் ஸ்ரீநிவாசன்.

உதவிப் படகு துடுப்புப் போட்டுக்கொண்டு நெருங்கிவிட்டதை அசரியா பார்த்தார். “நாலடிதான் சார் ஆழம், எந்திரிச்சு நில்லுங்க!” என்று கத்திவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். பின்னால் இரண்டு தலைகள் எழுந்து நின்றன.

எல்லைக்கோட்டை முதலில் தாண்டியது அவர்தான். படகின் ஜாதியைப் பார்த்து நேரத்தைக் கூட்டிக் கழிக்கும் கணக்குப் போட்டதில் மூன்றாம் இடம் என்றார்கள். அதற்கு ஒரு வெண்கல மெடல்கூடக் கிடையாது, பலகையில் பெயர் மட்டும். அசரியா ஈரத்தோடு பொன்னுசாமியின் மேஜை முன்னால் நின்றார். பொன்னுசாமி ரெஜிஸ்டரில் சுக்கான் பிடித்தவர் என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதிவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போனான்.

“வெயிட்டு எத்தினி கிலோ சார்? தனியா வந்ததால கோடு இஸ்துடட்டா?”

“கோடு போடாதே. பேனாவைக் கொடு.”

அவர் எழுதுவதைப் பொன்னுசாமி எட்டிப் பார்த்தான். “அது கிலோ எய்தற எடம் சார். பேரு எய்தறியே?”

“தெரியும். பன்னெண்டு வருஷமா அங்கே என்னைக் கிலோவாத்தான் எழுதியிருக்கே” என்றார் அசரியா. சேறு சொட்ட வந்து நின்ற ஸ்ரீநிவாசனும் டாக்டரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் பெயரை இரண்டாவது தடவையும் முழுசாக எழுதி முடித்தார்.