பவளக் கல்லுக்கு ஆயில் கூடாது என்றவன் நான்

உத்திரமேரூரில் கிணற்று உறை வார்க்கும் பட்டறையைத் தனி ஆளாக நிறுத்தினேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சாலவாக்கம் வரைக்கும் நான் இறக்கிய உறை இல்லாத ஊர் கிடையாது. மாடி வீடு, லாரி, மகளின் காலேஜ் படிப்பு, எல்லாம் இந்தக் கையால் வந்தது. ராமநாதபுரத்துக் கடலுக்கு அடியில் கிடக்கும் முக்கோணக் கற்களும் இந்தக் கை வார்த்தவைதான்.

அங்கே பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கு வெட்டித் தின்றார்கள். மிச்சத்தை விசைப்படகுகளின் இழுவை மடி வலை அரைத்தது. இப்போது கடல் சூடேறி, தப்பியதும் வெளுத்துச் சாகிறது. பவளக் குஞ்சு ஒட்டி வளரட்டும் என்று சிமெண்ட் கல் இறக்க அதிகாரிகள் திட்டம் போட்டார்கள். வார்க்க என்னையும் என் ஆட்களையும் கூப்பிட்டார்கள்.

கல் அச்சில் ஒட்டாமல் கழன்று வர, கழிவு ஆயில் தடவுவது எங்கள் தொழில் வழக்கம். முதல் நாள் என் ஆள் பிரஷை எடுத்ததும் பிடுங்கிப் போட்டேன். ஒருமுறை ஆயில் போகாத உறையை மீன் தொட்டிக்குக் கொடுத்து, விட்ட குஞ்சு அத்தனையும் செத்து மிதந்ததைப் பார்த்தவன் நான். என் தப்புதான். மறக்கவில்லை.

"ஆயில் இல்லன்னா கல்லு பிச்சிக்கினு வரும் நைனா" என்றான் அவன்.

திட்டத்தைப் பார்த்துக்கொண்ட சின்ன வயது இன்ஜினியர் சிரித்தார். "கடல் எவ்வளவு பெருசு பெரியவரே. ஒரு டப்பா ஆயில் என்ன பண்ணிடும்?"

"கடலு பெருசுதான் சார். குஞ்சு வந்து குந்தப்போறது இந்தக் கல்லு மேலதானே?"

ஆயிலுக்குப் பதில் சோப்புக் கரைசலைத் தடவினேன். முதல் மூன்று கல்லும் மூலை உடைந்தன.

"பேசாம துணி தொவைக்கலாம் நைனா. சோப்பு நெறைய கீது" என்று ஆட்கள் கிண்டல் செய்தார்கள்.

நான் விடவில்லை. கல் நன்றாக இறுகட்டும் என்று அச்சைப் பிரிப்பதை ஒரு நாள் தள்ளினேன். அடுத்த கல் முழுசாக வந்தது. பவளம் பற்றிக்கொள்ள மேலே மழமழப்பாக்காமல் சொரசொரப்பாகவே விட்டு, நன்றாகக் கழுவி இறக்கினோம். பிறகு மூழ்கிப் பார்த்தவர்கள் நகத்தளவு பவளம் ஒட்டியிருக்கிறது என்றார்கள்.

இப்போது அந்தத் திட்டத்துக்குக் கையேடு அச்சடித்திருக்கிறார்கள். மகள் படித்துக் காட்டினாள். ஆயில் தடவாமல் வார்க்கும் முறைக்குத் தனிப் பக்கம். கண்டுபிடித்தவர் அந்த இன்ஜினியராம். படத்தில் என் கல்மேல் கை வைத்து நிற்கிறார். போன் போட்டேன்.

"வேலைக்குத்தான் கூலி வாங்கினீங்களே பெரியவரே" என்றார்.

கூலி கைக்கு. புத்திக்கு யார் கொடுத்தது? பவளத்தை அழித்தவன் பெயரை எவனும் எழுதுவதில்லை. காப்பாற்றியவன் பெயரையுமா விழுங்குவீர்கள்? அடுத்த முறை அச்சடிக்கும்போது அந்தப் பக்கத்தில் என் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். இன்ஜினியருக்குக் கீழே அல்ல, மேலே.